இருபது கவடு

அன்ரி ஒரு தூரத்தைச் சொன்னால் அதை நடந்து அளந்து பார்க்காமல் விடமாட்டார். நான் அவரை முதன்முதலில் ஒக்லாந்து நகரின் பிளாக்ஹவுஸ் பே கடைத்தெருவில் பார்த்தபோது அதைத்தான் செய்துகொண்டிருந்தார். சாம்பல் நிறச் சேலை, அதற்கு மேல் ஆண்கள் போடும் மழை அங்கி, காலில் கனத்த தோற் சப்பாத்து. பேக்கரி வாசலில் நின்று தபால் பெட்டியைப் பார்த்து "முப்பத்தொண்டு" என்றார். பிறகு நேர்கோட்டில் நடந்தார். குழந்தை வண்டியோடு வந்த ஒரு பெண் ஒதுங்கி வழிவிட்டார். பெட்டியைத் தொட்டதும் அன்ரியின் முகம் சுருங்கியது.

"முப்பத்திரண்டு. ஒரு கவடு பிழை" என்றார், கடிதம் போட நின்ற என்னிடம். பிறகு, "யாழ்ப்பாணத்துக்கோ?" என்று கேட்டார். என் கையிலிருந்த வான்கடிதத்தின் முகவரியை அவர் நடந்து வரும்போதே வாசித்திருந்தார்.

காலை அகட்டி வைக்கும் ஓர் அடியைத்தான் எங்கள் பக்கத்தில் கவடு என்போம். அன்ரியின் கவடு கிட்டத்தட்ட ஒரு யார். அது எண்பத்தைந்தாம் ஆண்டு. அவருக்கு அறுபது வயது. நகரின் மேற்குப் புறத்தில், ரானுயியில் மகனோடு இருந்தார். அதே தெருவில் எனக்கும் ஒரு வாடகை வீடு கிடைத்தது. அடுத்த சில மாதங்களில் அவர் எதையெல்லாம் அளந்தார் என்பதைக் கவனித்தேன். கோயில் வாசலிலிருந்து பீடம் வரை. பஸ் தரிப்பிலிருந்து டெய்ரி என்னும் தெருமுனைக் கடை வரை. ஒரு செத்த வீட்டில், பெட்டிக்கும் கடைசி வரிசைக் கதிரைக்கும் இடையில். அங்கே நடந்து பார்க்கவில்லை. கண்ணால் மட்டும் அளந்தார். எல்லோரும் கலைந்த பிறகு நடந்து பார்த்தார்.

காரணம் அவருடைய கார்க் கொட்டிலில் தொங்கியது. இரண்டு முனையிலும் கப்பி பூட்டிய வேட்டை வில். பக்கத்தில் அலுமினிய அம்புகள் ஆறு. ஒவ்வொரு முனையிலும் சவர அலகு போன்ற மூன்று அலகுகள், பழைய இருமல் மருந்துப் போத்தல்களின் மூடியால் மூடப்பட்டிருந்தன. அன்ரி ஆண்டுக்கொரு முறை, மான்கள் துணை தேடும் பருவத்தில், இறைச்சிக்காக வேட்டைக்குப் போவார்.

முப்பது வருடம் சத்திரசிகிச்சைக் கூடத்தில் தாதியாக வேலை செய்தவர். மன்னாரில் தொடங்கி, கொழும்பு போய், எழுபதுகளில் ஒக்லாந்துக்கு வந்து, ஓய்வு பெறும்வரை அதே வேலை. உடம்புக்குள் எது எங்கே இருக்கிறது என்பது அவருக்கு அலுமாரித் தட்டுகள் போல. வேட்டைக்கு ஏன் போகிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் இது: "கடையிலை வாற இறைச்சி பெட்டியிலை வருது. அது என்ன மாதிரிச் செத்ததெண்டு ஆருக்குத் தெரியும்? நான் தின்னிறது எப்பிடிச் செத்ததெண்டு எனக்குத் தெரியவேணும்."

இருபது கவட்டுக்கு மேல் அவர் அம்பு விடமாட்டார். அவருடைய வில் கழகத்து ஆண்கள் நாற்பதில் விடுவார்கள், ஐம்பதில் விட்டதாகவும் சொல்வார்கள். அன்ரி இருபத்தொன்றில் நின்ற மான்களை விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்திருக்கிறார். இருபதுக்குள் அம்பு நுரையீரலில் போகும் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு மேல் போகலாம், போகாமலும் விடலாம். "போகலாம் எண்டதுக்கு விடக்கூடாது" என்பார்.

தினமும் காலை ஏழு மணிக்கு, தேநீருக்கு முன், பின்வளவில் வைக்கோல் கட்டுக்கு ஒரே ஒரு அம்பு விடுவார். உடம்பு சூடேறாத நேரத்து முதல் அம்பு. அது பிழைத்தால் பிழைத்ததுதான். இரண்டாவது இல்லை. கழற்றி, துடைத்து, மூடி போட்டு, உள்ளே போய்விடுவார். ஒருநாள் வேலி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நான், "இன்னொண்டு விட்டுப் பாருங்கோவன் அன்ரி" என்றேன்.

"மான் இன்னொண்டுக்கு நிக்குமோ?"

இந்தப் பழக்கம் வேட்டையோடு நிற்கவில்லை. ஊரில் நிலைமை மோசமான காலம் அது. தொலைபேசியில் லண்டன் வழியாகவும் ரொறன்ரோ வழியாகவும் செய்திகள் வரும். ஒரு ஞாயிறு, யாரோ சொன்னதாக ஒரு செய்தியை அவருடைய குசினியில் நின்று சொன்னேன். அன்ரி மீனுக்கு உப்புப் பூசிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தாமல், "சொன்னவர் எத்தனை கவட்டிலை நிண்டவர்?" என்று கேட்டார். சொன்னவர் கொழும்பில் இருந்தார். கேட்டவர் லண்டனில் இருந்தார். "அப்ப இந்தக் கதை வேண்டாம்" என்றார். ஊரில் எட்டு வருடம் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்திருக்கிறேன். எந்தச் செய்தி ஆசிரியரும் அந்தக் கேள்வியை இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. அந்தச் செய்தி மூன்றாம் நாள் பொய் என்று தெரிந்தது.

எண்பத்தேழு தொடங்கியபோது அன்ரிக்கு அறுபத்திரண்டு நடந்துகொண்டிருந்தது. வலது தோள்மூட்டு தேய்ந்திருந்தது. வில்லின் இழுவை ஐம்பது இறாத்தல். அதை அடுத்த வருடம் இழுக்க முடியாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வில்லை இலகுவாக்கலாம். ஆனால் அன்ரியின் கணக்கில் ஐம்பதுக்குக் கீழே போனால் பெரிய மிருகத்தின் முன் வில்லைத் தூக்கக் கூடாது. முந்திய இரண்டு பருவமும் வெறுங்கை. ஆகவே இந்த வருடம் கிடைத்தால் உண்டு. கிடைக்காவிட்டால் மூன்று தோல்வியோடு வில் கொட்டிலில் தொங்கப்போகிறது. இது தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மகன் அவரைச் சீண்டுவான். "அம்மா, சுப்பர்மார்க்கெட்டிலை ஆட்டிறைச்சி அடுக்கி வைச்சிருக்கிறான். அது ஓடவும் மாட்டுது."

"உனக்கு அதுதான் சரி. நீ பின்னாலை ஓடமாட்டாய்."

இன்னொரு சிக்கல், அவருடைய கத்தோலிக்க சமயம். இந்த நாட்டில் மான்களின் பருவம் மார்ச்சிலும் ஏப்ரலிலும் வருகிறது. தவக்காலமும் அப்போதுதான். அன்ரி தவக்காலம் நாற்பது நாளும் இறைச்சி தொடமாட்டார். ஆக, ஒவ்வொரு வருடமும் தான் தின்ன முடியாத நாட்களில்தான் அவர் இறைச்சி தேடிப் போனார். கிடைத்தால் உயிர்த்த ஞாயிறுவரை அது குளிர்பெட்டியில் கிடக்கும்.

அந்த மார்ச்சில்தான் ஒரு பண்ணைக்காரர் தொலைபேசியில் கூப்பிட்டார். பக்கத்துப் புறநகரான மாசிக்கு வடமேற்கே, பைன் காட்டை ஒட்டி மான் வளர்ப்பவர். ஐரோப்பாவில் டல்மேஷியாவிலிருந்து வந்து திராட்சைத் தோட்டம் போட்ட குடும்பம். அன்ரி வேலைசெய்த மருத்துவமனையில் அவருடைய மனைவிக்குச் சத்திரசிகிச்சை நடந்திருக்கிறது. அந்தப் பழக்கம். அவரிடமிருந்து இரண்டு குளிர்காலத்துக்கு முன் ஒரு வாபிட்டிக் கடா வேலி பாய்ந்து காட்டுக்குள் போய்விட்டது. அமெரிக்காவில் எல்க் என்று சொல்லும் அந்த இனம் எங்கள் வன்னிக் காட்டு மரையைவிடப் பெரிது. குதிரை உயரம். இப்போது பருவம் வந்ததும் அது விடியற்காலையில் திரும்பி வந்து, பெண் மான்கள் நிற்கும் வேலியை வெளியே நின்று இடிக்கிறது. பக்கத்து வளவில் குதிரைப் பயிற்சிக்கூடம். துவக்குச் சத்தம் கேட்டால் அங்கே குதிரைகள் மிரளும், இங்கே பெண் மான்கள் கம்பியில் மோதிக் கால் முறியும்.

"உங்கள் அம்பு சத்தம் போடாது, அல்லவா?" என்று கேட்டிருக்கிறார். இறைச்சி முழுக்க அன்ரிக்கு. வியாழன், வெள்ளி, சனி என மூன்று விடியல் தருவதாகச் சொன்னார். அதற்குள் முடியாவிட்டால் ஞாயிறு துவக்குக்காரர்கள் வருவார்கள். குதிரைகளை அன்றைக்கு மட்டும் வேறிடத்துக்குக் கொண்டுபோக ஒழுங்கு செய்தாயிற்று.

மகனுக்கு வேலை. கார் ஓட்ட நான் போனேன்.

வியாழன் அது வரவில்லை. காட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் கேட்டது. அடியில் தொடங்கி, துருப்பிடித்த கதவுக் கீல் போலக் கிறீச்சிட்டு உயர்ந்து, கடைசியில் மூன்று உறுமலில் முடிந்தது. அன்ரி குழந்தைப் பவுடர் டப்பாவை எடுத்து உள்ளங்கையில் தட்டி ஊதி, தூள் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தார். மேல்காற்று, கடல் பக்கமிருந்து. "நாளைக்கும் இதுதான்" என்றார்.

வெள்ளிக்கிழமை கடா வந்தது. நாங்கள் வேலிக்கு வெளியே ஒரு நீர்த்தொட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தோம். வெளிச்சம் வந்து கம்பிகள் தெரியத் தொடங்கிய நேரம், பைன் மரங்களுக்கிடையிலிருந்து இறங்கி, பக்கவாட்டாக நின்றது. காதில் பண்ணையின் மஞ்சள் அடையாளத் துண்டு இன்னும் இருந்தது. கழுத்து மயிர் கறுப்பு. மூச்சு புகையாக வந்தது. அசையாமல் நின்றது, நான் எண்ணிய அளவில் ஒரு நிமிடத்துக்குக் குறையாமல். அன்ரி வில்லைத் தூக்கவேயில்லை. கடா வேலியை ஒருமுறை கொம்பால் உரசிவிட்டு, காட்டுக்குள் திரும்பிப் போனது.

மேட்டில் தன் யூட் என்னும் சிறு பாரவண்டிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த பண்ணைக்காரர் இறங்கி வந்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: "களஞ்சியக் கதவு மாதிரி நின்றதே. என்ன பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?"

அன்ரி எழுந்து, கடா நின்ற இடத்துக்கு நடந்தார். ஈர மண்ணில் குளம்பு பதிந்திருந்தது. "இருபத்தாறு" என்றார்.

"இருபத்தாறு என்ன பெரிய தூரமா?"

"ஆறு கூட."

பண்ணைக்காரர் தொப்பியைக் கழற்றித் தொடையில் அடித்தார். "ஞாயிற்றுக்கிழமை பையன்கள் வருவார்கள்" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனார்.

எனக்கும் கோபம்தான். காரில் ஏறாமல் அன்ரி வேலியோரம் கீழே பார்த்தபடி நடந்தார். முக்கால் மணி நேரம். பழைய குளம்படிகள், புதிய குளம்படிகள், கம்பியில் ஒட்டிய மயிர். கடைசியில் ஓரிடத்தில் நின்றார். அங்கே ஒரு பக்கம் வேலி, மறுபக்கம் பள்ளம். கடா எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அந்த ஒடுக்கத்தால்தான் போகவேண்டும். காற்றுக்குக் கீழ்ப்பக்கம், சற்று மேட்டில், ஆளுயர ஃபிளாக்ஸ் புதர் ஒன்று. குளம்படியிலிருந்து புதருக்கு நடந்தார். பதினெட்டு. திரும்பி நடந்தார். பதினெட்டு.

"இவ்வளவு தூரம் வந்திட்டுச் சும்மா விட்டிட்டியளே அன்ரி" என்றேன், திரும்பி வரும்போது.

"அது சும்மா வந்தது, சும்மா போகுது. வயித்திலை அம்போட மூண்டு நாள் காட்டுக்கை கிடந்து சாகிறதிலும் பாக்க நல்லம்." பிறகு வலது தோளைப் பிடித்தபடி, "நான் அந்த மாதிரி வயிறுகளைத் தைச்சு மூடேக்குள்ளை பக்கத்திலை நிண்டிருக்கிறன்" என்றார்.

சனிக்கிழமை விடியுமுன் புதருக்குள் இருந்தோம். அன்ரி முன்னால் முழந்தாளில், நான் இரண்டு கவடு பின்னால். வாள் போன்ற இலைகளுக்கிடையில் அம்பு போக ஒரு கை அகல இடைவெளி விட்டு, மற்றதையெல்லாம் பின்னிக் கட்டியிருந்தார். மேட்டில் யூட் வண்டி நின்றது. பெண் மான்கள் வேலிக்குள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. குரல் இரண்டு முறை கேட்டது, இரண்டாவது மிக அருகில். பிறகு சத்தமே இல்லை. கடா வேலியோரமாக, தலையைத் தாழ்த்தி, பெண் மான்களையே பார்த்தபடி வந்தது.

ஒடுக்கத்துக்கு வருமுன் நின்றது. அன்ரி அதற்குள் வில்லை இழுத்துப் பிடித்திருந்தார். அது நகரவில்லை. முழு இழுவையில் அவருடைய வலது முழங்கை லேசாக நடுங்கத் தொடங்கியதை நான் பார்த்தேன். இழுத்த வில்லை மெல்லத் திரும்ப விட்டால் அசைவு தெரியும். விடாமல் பிடித்தால் தோள் தாங்காது. மனதுக்குள் இருபது வரை எண்ணினேன். கடா இரண்டு அடி எடுத்து வைத்தது, முன்னங்கால் முன்னே நீண்டது, விலா திறந்தது. அம்பு போனது எனக்குத் தெரியவில்லை. ஈரத் துணியை உதறுவது போல ஒரு சத்தம் மட்டும் கேட்டது. கடா துள்ளி, பள்ளத்தைத் தாண்டி, பைன் மரங்களுக்குள் ஓடியது.

நான் எழுந்தேன். அன்ரி என் சட்டையைப் பிடித்து இருத்தினார்.

"இரும்."

"ஓடுது அன்ரி."

"ஓடட்டும். அரை மணித்தியாலம். இப்ப பின்னாலை போனா அது இன்னும் ஓடும்." மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். பிறகு வெந்நீர்ப் போத்தலை எடுக்கக் கை நீட்டினார். வலது கை எழவில்லை. இடது கையால் எடுத்து, பால் விடாத தேநீரை எனக்கும் ஊற்றினார். "தொண்ணூறுக்குள்ளை கிடக்கும்" என்றார்.

அரை மணி முடிந்ததும் ஒரு நிமிடம் முந்தாமல் எழுந்தார். கடா நின்ற இடத்துக்கு அப்பால் அம்பு மண்ணில் குத்தி நின்றது, உடம்பை ஊடுருவி வந்திருந்தது. அலகில் நுரை கலந்த சிவப்பு. அதைப் பார்த்ததும் தலையை ஒருமுறை ஆட்டினார். அங்கிருந்து எண்ணத் தொடங்கினார், உதடு மட்டும் அசைந்தது. மரங்களுக்குள், சருகு மேல், ஓடிய வேகத்திலேயே விழுந்த மாதிரி கடா கிடந்தது. அன்ரி கொம்பைத் தொட்டார்.

"எண்பத்தொன்பது" என்றார். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன். மேல் வரிசையில் ஒரு பல் இல்லை.

அவர் அதன் நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டார். பண்ணைக்காரர் ஓடி வந்தபோது மூச்சு வாங்கியது. அம்பு போன துளையைக் குனிந்து பார்த்தார். தன் விரலை வைத்துப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார், இம்முறை எதிலும் அடிக்கவில்லை.

மிச்ச வேலையை அன்ரி சொல்லச் சொல்ல நாங்கள் இருவரும் செய்தோம். எந்த இடத்தில் கத்தி வைப்பது, எதை வெட்டக் கூடாது, எதை முதலில் எடுப்பது. ஒரு மணி நேரத்தில் எல்லாம் பிரிந்து வந்தது. பண்ணைக்காரர் ஈரலை இரண்டு கையாலும் ஏந்தி அன்ரியிடம் நீட்டினார். முதல் ஈரல் வேட்டைக்காரருக்கு, உடனே பொரித்துத் தின்ன வேண்டும் என்பது இங்கத்தைய வழக்கம்.

"தவக்காலம்" என்றார் அன்ரி.

பண்ணைக்காரர் ஈரலோடு அப்படியே நின்றார். அவரும் கத்தோலிக்கர். காலையில் பன்றி இறைச்சி தின்றுவிட்டு வந்ததாக ஒப்புக்கொண்டார். "என் அம்மா உயிரோடு இருக்கிறார். அவரிடம் சொல்லிவிடாதீர்கள்" என்றார்.

"எத்தினை துண்டு?" என்று அன்ரி கேட்டார்.

"மூன்று."

கொம்பு வேண்டாம் என்று அன்ரி சொல்லிவிட்டார். அது பண்ணை வீட்டுக்குப் போனது. உடல் பண்ணையின் குளிரறையில் ஆறு நாள் தொங்கியது. பிறகு ரானுயிக்கு வந்தது. கார்க் கொட்டிலில் அன்ரி பங்கு போட்டார். எங்கள் ஆட்கள் நாலைந்து வீடு சேர்ந்து ஒரு ஆடு அடித்தால் பிரிப்பது போல. வெள்ளைத் தாள் விரித்துப் பத்துக் குவியல். ரானுயியிலும் மாசியிலும் எட்டுத் தமிழ்க் குடும்பம், ஒன்று அவருக்கு, ஒன்று பண்ணைக்காரருக்கு. ஒவ்வொரு குவியலிலும் தொடை, விலா, கழுத்தெலும்பு, கொழுப்பு எல்லாவற்றிலும் கொஞ்சம். மகன் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, அன்ரி ஒரு குவியலைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்பார். பார்க்காமலே அவன் ஒரு வீட்டைச் சொல்வான். முதுகுத் தசை முழுவதும் தனக்கு வரும் என்று எண்ணியிருந்த பண்ணைக்காரர், தன் பெயர் விழுந்த குவியலில் கழுத்தெலும்பு இருப்பதைக் கண்டு அதைக் கையில் எடுத்து, இதை என்ன செய்வது என்று கேட்டார். எட்டு வீட்டுப் பெண்களும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள்.

எல்லாம் முடிந்து, குவியல்களைக் கட்டும்போதுதான் மகன் கேட்டான்: "அம்மா, இண்டைக்கு என்ன நாள்?"

வெள்ளிக்கிழமை. சைவக்காரர் வெள்ளியில் இறைச்சி சமைப்பதில்லை. வேதக்காரரான கிறிஸ்தவர்களுக்குத் தவக்கால வெள்ளி. ஒவ்வொரு தூரத்தையும் அளந்த அன்ரி, குளிரறை காலியாகும் நாளை மட்டும் பார்த்து, கிழமையைப் பார்க்க மறந்துவிட்டார். கொட்டில் நிறைய இறைச்சி, அன்றிரவு ஒரு வீட்டிலும் அடுப்பில் ஏறவில்லை. எங்கள் தெருவில் எல்லோரும் பருப்பும் மீனும் தின்றோம். இரண்டு வீடு சனி விரதமும் பிடித்தது. மிச்ச வீடுகளில் சனிக்கிழமை பத்து மணிக்கே மிளகாய்த்தூள் வறுபடும் மணம் வந்துவிட்டது.

அதன் பிறகு மூன்று வாரம் அன்ரி எங்களைப் பாடாய்ப்படுத்தினார். தான் தின்ன முடியாததை நாங்கள் தின்றோம். அவர் வீடு வீடாக வந்து கேட்டார்.

"கறி என்ன மாதிரி?"

"நல்லாயிருந்தது அன்ரி."

"நல்லது எண்டால்? மரை மாதிரியோ, ஆடு மாதிரியோ?"

"மரை மாதிரியும் இல்லை..."

"அப்ப எது மாதிரி? நார் இருக்குதோ? எவ்வளவு நேரம் அவிஞ்சது? கொழுப்பு மணக்குதோ?"

ஒருவரும் அவருக்குத் திருப்தியான பதில் சொல்லவில்லை. பத்திரிகையில் இருந்தவன் என்று என்னிடம் நாலு தரம் வந்தார். நானும் முயன்றேன். மாட்டிறைச்சியைவிட இறுக்கம், ஆட்டிறைச்சியைவிட மணம் குறைவு, கடைசியில் ஒரு மெல்லிய இனிப்பு என்று சொன்னேன். "என்ன இனிப்பு?" என்றார். நான் மிச்சக் கறியை இன்னொருமுறை தொட்டு நக்கிப் பார்த்தேன். "நீர் பேப்பரிலை என்னத்தை எழுதினீர்?" என்று சொல்லிவிட்டுப் போனார்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லோரையும் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். பண்ணைக்காரர் மனைவியோடும் ஒரு போத்தல் சொந்த வைனோடும் வந்தார். கழுத்தெலும்பு இன்னொன்று கிடைக்குமா என்று விசாரித்தார். மேசையில் அன்ரியின் பங்கு, பெரிய சட்டியில், கறுத்த பிரட்டலாக இருந்தது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாததால் மகன்தான் சட்டியை இறக்கி வைத்தான். அவன் சுப்பர்மார்க்கெட் பேச்சு எதுவும் எடுக்கவில்லை. முதல் துண்டை அம்மாவின் சோற்றுக் கோப்பையில் போட்டான்.

அன்ரி சோறு சேர்க்காமல் இறைச்சியை மட்டும் வாயில் வைத்தார். மெதுவாகச் சப்பினார். எங்கள் எட்டு வீடும் சொல்லத் தெரியாமல் விட்டதை அவர் சொல்லப்போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தோம். நார், மணம், அவிந்த நேரம், அந்த இனிப்பு.

விழுங்கினார். சட்டியைப் பார்த்தார்.

"நல்லாயிருக்கு" என்றார்.

"நல்லது எண்டால் என்ன, அன்ரி?" என்று கேட்டேன்.

அவர் கோப்பையை இடது கையால் மகன் பக்கம் நீட்டினார், இன்னும் போடச் சொல்லி.

"கதைக்காமல் சாப்பிடும்" என்றார்.